ஜெனிக்குக் கொழுப்பு எவ்வளவு?

எடை பார்க்கிற மெஷின் விற்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். பிள்ளைகளுக்குக் கொழுப்பு பார்க்கிற மெஷின் விற்கிறவனுக்குத் தூக்கமும் கிடையாது, மரியாதையும் கிடையாது.

எடை என்றால் ஏறி நிற்கிறார்கள், நம்பர் வருகிறது, முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். அந்தச் சண்டை அவர்களுக்கும் அவர்கள் வயிற்றுக்கும் நடுவில். கொழுப்பு அப்படியில்லை. நம்பர் வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து "இது நிஜமா?" என்கிறார்கள். எனக்கென்னய்யா தெரியும்? பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மதுரையிலிருந்து டில்லிக்கு வந்து, சரோஜினி நகர் பிளாட்பாரத்தில் பனியன் விற்று, பிளாட்பாரக் கடைகளைத் தூக்க முனிசிபல் கமிட்டி வண்டி வரும்போதெல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பேரம் பேசிப் பேசியே மேலே வந்தவன். இப்போது கோட்லா முபாரக்பூரில் கடை. பள்ளிக்கூடங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் அளவு மெஷின் சப்ளை, அதோடு ஹெல்த் கேம்ப். சௌந்தரபாண்டி என்கிற என் பெயரை இந்த ஊர் 'பாண்டே ஜி' என்று ஆக்கிவிட்டது. உ.பி. பிராமணன் என்று நினைத்து சில பேர் காலைத் தொடவும் வருவார்கள். குனிந்தவனைத் தடுப்பானேன் என்று விட்டுவிடுவேன்.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயசில் ஒரு பிள்ளையையும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஃபிட்னஸ் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு முழிக்கிற எல்லோரும் என் கட்சி. இது உங்களுக்காகத்தான். என் கேம்புகளில் வேலை பார்க்கும் நர்ஸ் ஸ்டெல்லாவின் மகள் ஜெனி, என் மெஷின் சொன்ன ஒரு நம்பரால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அந்த நம்பர் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள நான் அலைந்த கதைதான் கீழே இருப்பது. தெரிந்ததா என்று இப்போதே கேட்காதீர்கள்.

அந்த வார்த்தை

ஜெனி விவகாரத்துக்கு முன்னாலேயே எனக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. நான்தான் கவனிக்கவில்லை. ஆர்.கே. புரத்தில் ஒரு காலனி கேம்ப். நம் ஊர்க்காரர்கள் நிறைய. நாள் முழுக்கக் கொழுப்பை இந்தியிலேயே 'சர்பி, சர்பி' என்று சொல்லி நாக்கு வறண்டு போயிருந்ததால், இன்றைக்காவது தமிழில் பேசலாமே என்று ஆசைப்பட்டேன். வினை அங்கே ஆரம்பித்தது.

மத்திய சர்க்கார் ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருக்கும் ஒரு திருநெல்வேலிக்காரர் மகளோடு வந்தார். பொண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினாள். நம்பர் வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "சார், உங்க பொண்ணுக்குக் கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பொண்ணு, கொழுப்பு என்றால் க்யா என்று அப்பாவிடம் கேட்கிறது. அவர் முகம் இறுகிப் போனது. இது அந்தக் கொழுப்பு இல்லை சார், உடம்புக் கொழுப்பு என்று ஆரம்பித்தேன். விளக்க விளக்க இன்னும் மோசமாகப் போனது. பொண்ணுக்குத் திமிர் என்று சொன்னதோடு நில்லாமல், அதைச் சதவீதத்திலும் சொல்கிறானே என்கிற மாதிரி பார்த்தார். எனக்கும் ரத்தம் ஏறிவிட்டது. மெஷின் சொன்னதைத்தானே சொன்னேன், நானா கூட்டிச் சொன்னேன் என்று குரலை உயர்த்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. மகளுக்குச் செருப்பை எடுத்துப் போட்டுவிட்டு, போகிற போக்கில் சொன்னார்:

"எம் மவளுக்குக் கொழுப்பு இருக்கா இல்லியான்னு சொல்ல அவ ஆத்தா வீட்டுல இருக்கா. ஒமக்கு இருக்கதை மொதல்ல ஏறி நின்னு பாரும்வே."

குறைத்துக் காட்டுவது

சாணக்யபுரியில் ஒரு பங்களா அம்மாள். பையனுக்காக வீட்டு மெஷின் ஒன்று வேண்டும் என்று கூப்பிட்டார். நான் இரண்டு கம்பெனி மெஷின்களைக் கொண்டுபோய் வைத்தேன். பையன் முதலில் ஒன்றில் ஏறினான், உடனே இன்னொன்றில் ஏறினான். இடையில் அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் ஒரு மெஷினுக்கும் இன்னொன்றுக்கும் ஏழு சதவீதம் வித்தியாசம். இரண்டில் எது சரி என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இரண்டு நம்பரையும் நிதானமாகப் பார்த்தார், சேலை எடுக்கிற மாதிரி.

"பாண்டே ஜி, கம்மியா காட்டுற இதையே பேக் பண்ணிடுங்க."

சிவப்பு

தெற்கு டில்லியில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். ஒவ்வொரு டெர்முக்கும் அங்கே என்னுடைய மெஷின்தான் போகும். பிள்ளை வெறுங்காலோடு இரும்புத் தகட்டில் நின்று இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உறைக்காத அளவுக்குச் சின்னதாக ஒரு கரண்ட் கால் வழியாகப் போய்க் கை வழியாக வரும். தசையிலே தண்ணீர் இருப்பதால் கரண்ட் அங்கே சுலபமாக ஓடும், கொழுப்பிலே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் கொண்டு மெஷின் ஒரு கணக்குப் போட்டுச் சீட்டை அடிக்கும். சீட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் ஆசை. இருபத்தைந்து வரைக்கும் பச்சை. முப்பதைத் தாண்டினால் சிவப்பு.

ஸ்டெல்லா சிஸ்டருக்கு நாகர்கோவில் பக்கம். ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. லீவு நாளில் என் கேம்புகளுக்கு வந்து கை கொடுப்பார். புருஷன் ராணுவத்தில், எப்போதும் எல்லையில். மகள் ஜெனி அதே பள்ளிக்கூடத்தில் ஆறாவது. நீச்சல் என்றால் உயிர். தோள் இரண்டும் பையன்களுக்கு இருக்கிற மாதிரி இருக்கும். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு டீம் எடுக்கிற நேரம் அது. அன்றைக்குப் பார்த்து ஜெனிக்கு முப்பத்து மூணு புள்ளி நாலு என்று சிவப்புச் சீட்டு வந்தது. நீச்சல் கோச் தஹியா சார் ஹரியாணாக்காரர், பேச்சு கம்மி. பச்சைக்குத்தான் டீம், மஞ்சளுக்கு பிராக்டீஸ் மட்டும், சிவப்புக்கு அதுவும் கிடையாது என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஜெனி அழவில்லை. சீட்டை மடித்து ஷூவுக்குள் வைத்துக்கொண்டாள். அன்று மதியமே டிபன் பாக்ஸ் திறக்காமல் வீட்டுக்குப் போனது. மறுநாளும் அப்படியே. ராத்திரி ஒரு சப்பாத்தியைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். ஸ்டெல்லா என் கடைக்கு வந்து, என்னைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, இதுக்கு எம் பிள்ளை என்ன துரோகம் செஞ்சா?"

கிள்ளுகிற இடுக்கி

பேரம் பேசுகிறவனுக்கு முதல் பாடம், ஒரு கடையோடு நின்றுவிடக் கூடாது. மெஷின் ஒன்று சொன்னால் இன்னொரு வழியில் பார்ப்போம் என்றேன். இடுக்கி இருக்கிறதே. புஜத்துக்குப் பின்னாலும் தோள்பட்டைக்குக் கீழேயும் தோலைக் கிள்ளிப் பிடித்து, அந்த மடிப்பு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று பார்ப்பது. அதை இடுக்கியோடு வந்த அட்டையில் இருக்கிற சூத்திரத்தில் போட்டால் கொழுப்பு வந்துவிடும். ஸ்டெல்லாவின் குவார்ட்டர்ஸில், டைனிங் டேபிள் பக்கத்தில் ஜெனியை நிறுத்தி ஸ்டெல்லா கிள்ளினார். இருபத்தாறு. சந்தேகத்துக்கு மறுபடி கிள்ளினார். இருபத்தொன்பது. ஜெனிக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்துகொண்டே சிரிக்கிறாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் பிள்ளை சிரிக்கிறாளே என்று ஸ்டெல்லாவும் சிரித்துவிட்டார். மூன்றாவது தடவை நான் இடுக்கியை வாங்கிப் பிடித்தேன். இருபத்து நாலு. அப்புறம் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வேறொரு சூத்திரம். அதில் போட்டால் மூன்றுமே மாறுகின்றன.

எனக்கு வந்த கோபத்துக்கு, நேரே பாகீரத் பேலஸ் மார்க்கெட்டுக்குப் போய் அந்த இடுக்கியை விற்றவன் மேஜையில் அதை வீசினேன். தராசு விற்கிறாயா, தாயக்கட்டை விற்கிறாயா, மூணு தடவை போட்டால் மூணு விழுகிறது என்று இந்தியில் எனக்குத் தெரிந்த அத்தனை மரியாதைச் சொற்களையும் சேர்த்துக் கத்தினேன். கிழவர், சர்மா ஜி என்று பெயர், பல காலமாக ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிறவர். சலனமே இல்லை. இடுக்கியை எடுத்துத் தன் முழங்கையைக் கிள்ளினார், என் முழங்கையைக் கிள்ளினார், துடைத்து டப்பாவில் வைத்தார்.

"பாண்டே ஜி, இடுக்கி எப்பவும் ஒரே மாதிரிதான் கிள்ளும். கிள்ளுற கைக்குத்தான் ஆளுக்கொரு மனசு."

எந்த ஊர்ப் பிள்ளைகள்?

மெஷின் கம்பெனியில் குல்தீப் என்று ஒரு இன்ஜினியர். மற்ற நாட்களில் நல்ல பையன். அவனைக் கடைக்கு வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காரவைத்தேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லாமல் போக முடியாது என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். மெஷின் அளப்பது கொழுப்பை இல்லையாம். கரண்ட் எவ்வளவு தடுமாறுகிறது என்பதை மட்டும்தான் அளக்குமாம். மற்றதெல்லாம் உள்ளே இருக்கிற கணக்கு. உயரம், எடை, வயசு, ஆணா பெண்ணா, இவ்வளவையும் போட்டுக் குலுக்கி ஒரு நம்பர்.

அந்தக் கணக்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் பிள்ளைகளை வேறு பெரிய மெஷினில் அளந்து பார்த்து, அதோடு பொருத்தினார்களாம். எந்த ஊர்ப் பிள்ளைகள்? வெளிநாட்டுப் பிள்ளைகளாக இருக்கும் என்றான். என்ன வயசு, வயசுக்கு வந்த பெண்களா, வராத பெண்களா? தெரியாது என்றான். நம் ஊர்ப் பிள்ளைகள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு கூடுதல் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அதற்கு இந்த மெஷினில் ஏதாவது வழி உண்டா? டீயைக் குடித்தான். எனக்கு எரிச்சலில் மண்டை காய்ந்தது. சரோஜினி நகரில் ஒரு பனியன் வாங்கினால்கூட எந்த ஊர் மில் என்று கேட்பார்கள், இத்தனை வருஷமாக நான் கேட்காமலே விற்றிருக்கிறேன். கடைசியாக ஒன்று கேட்டேன், அப்படியானால் இந்த நம்பரை யார்தான் உத்தரவாதமாகச் சொல்வது என்று. குல்தீப் பாதி ஷட்டர் வழியாக வெளியே பார்த்தான்.

"பாண்டே ஜி, அதை மேனுவல்ல எழுதியிருப்பாங்க. ஆனா மேனுவலை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

ஏறிய நம்பர்

போகும்போது குல்தீப் ஒரு விஷயம் மட்டும் உருப்படியாகச் சொன்னான். அளக்கிறதுக்கு நியமம் உண்டாம். காலையில், வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்விட்டு, ஓடியாடாமல், நீந்தாமல் வந்து நிற்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்திலோ நீச்சல் முடிந்து, இன்டர்வலில் பூரியும் ஆலுவும் தின்று, வெயிலில் வரிசையில் நின்ற பிள்ளையை ஏற்றினோம். அப்படியானால் முப்பத்து மூணு தப்பு, இறங்கத்தான் போகிறது என்று எனக்கு நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெனியைக் கடைக்குக் கூட்டிவரச் சொன்னேன்.

வந்த பெண்ணைப் பார்த்ததும் பக்கென்று ஆனது. கன்னம் ஒட்டியிருந்தது. முதலில் சாதாரண எடை மெஷினில் நிறுத்தினேன். நன்றாகவே குறைந்திருந்தது. முகத்தில் ஒரு பெருமை அவளுக்கு. அப்புறம் கடையில் இருந்த அதே மாடல் கொழுப்பு மெஷின். முப்பத்தைந்து புள்ளி ஒண்ணு. நான் மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே முப்பத்தைந்து. ஸ்டெல்லா சுவரில் சாய்ந்துகொண்டார். ஜெனியிடம் மெதுவாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. வெறும் வயிறு என்று சொன்னதைக் கேட்டு, நல்ல நம்பர் வர வேண்டுமே என்று முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குல்தீப்புக்குப் போன் போட்டேன். உடம்பில் தண்ணீர் வற்றினால் கரண்ட் தடுமாறும், தடுமாறினால் மெஷின் அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளும் என்று ரொம்ப நிதானமாகச் சொன்னான். அதாவது பட்டினி கிடந்தால் எடை இறங்கும், கொழுப்பு ஏறும். இதை ஒரு பதினொரு வயசுப் பெண்ணுக்கு எந்த மொழியில் சொல்லுவது? அவள் என் கையில் இருந்த சீட்டைப் பார்த்துக் கேட்டாள்:

"அங்கிள், நான் ஒண்ணுமே சாப்பிடலையே. அப்புறம் எப்படி ஏறுச்சு?"

கட்டில் மெஷின்

ஸ்டெல்லா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்துக்காரர். படுக்கவைத்து எக்ஸ்ரே மாதிரி மேலிருந்து கீழே வருடிக்கொண்டே போகிற மெஷின் அங்கே உண்டு. எலும்புக்காக வைத்தது, கொழுப்பையும் சொல்லும். இதுக்கெல்லாம் ஸ்கேன் எதுக்கு, பிள்ளைக்குச் சாப்பாடு போடுங்க போதும் என்றுதான் டாக்டரம்மா முதலில் சொன்னார். ஸ்டெல்லா கண்ணைக் கசக்கியதும், சக ஊழியர் என்று மனசு இளகி ஒப்புக்கொண்டார். ஜெனி அந்தக் கட்டிலில் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் மூச்சை அடக்குகிற மாதிரி படுத்திருந்தாள். இருபத்தெட்டு என்று வந்தது.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கடைசியாக ஒரு விலை கிடைத்துவிட்டது, பெரிய மெஷின், பெரிய ஆஸ்பத்திரி, இனி பேச்சே கிடையாது. டாக்டரம்மா, அப்போ இருபத்தெட்டுதானே நிஜம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இதே மாதிரி வேறு கம்பெனிக் கட்டிலில் படுக்கவைத்தால் ஒன்றிரண்டு மாறலாம் என்றார். வளர்கிற வயசில் எலும்பும் தசையும் அவற்றிலிருக்கிற தண்ணீரும் மாறிக்கொண்டே இருக்கும், கணக்கும் கூடவே வழுக்கும் என்றார். உங்கள் மெஷினையும் இடுக்கியையும்விட இது தேவலை, ஆயிரம் பிள்ளைகளை அளந்து சராசரி பார்க்க அவைகூட உதவும், ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல உதவாது என்றார். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கு என்ன சொல்கிறது என்று கேட்டேன். அதில் இவளுக்கு ஒன்றுமே பிரச்சினையில்லையாம், ஆனால் அதற்குத் தசைக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் தெரியாதாம். நான் எதைத்தான் நம்புவது என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உயிரோட இருக்கிற குழந்தையோட கொழுப்பை யாரும் நேரா நிறுத்திப் பார்த்ததில்லை சார். எல்லாருமே அனுமானம்தான் பண்றோம், சில பேர் கொஞ்சம் நல்லா பண்றோம். இவ சாப்பிடலைங்கிறது மட்டும் அனுமானம் இல்லை."

என்ன வாங்குகிறீர்கள்?

அந்த இருபத்தெட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வைஸ் பிரின்சிபால் அறையில் தஹியா சாரும் இருந்தார். வைஸ் பிரின்சிபால் கணக்கு டீச்சராக இருந்து வந்தவர், தலை நிமிராமல் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். ஜெனி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள், டீமில் சேர்த்தால்தான் சாப்பிடுவேன் என்கிறாள் என்று சொன்னேன். தஹியா சாருக்கு வருத்தம்தான். ஆனால் ரூல் ரூல்தான், நம்பர் முப்பத்து மூணு என்றார். இடுக்கியில் இருபத்து நாலு என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருபத்தெட்டு என்று என் கையில் இருந்ததைப் பிடுங்கிப் படித்துவிட்டார். இருபத்தெட்டு மஞ்சள், டீம் கிடையாது என்றார். கட்டில் மெஷினே ஒன்றிரண்டு மாறும் என்று டாக்டரம்மா சொன்னார், இருபத்தாறு வையுங்கள் என்றேன். இருபத்தேழு என்றார். இருபத்தைந்து என்றேன்.

எப்போது ஆரம்பித்தது என்றே எனக்குத் தெரியவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். தஹியா சாரும் வந்துவிட்டார். சலோ, உங்களுக்காக இருபத்தாறு என்கிறார். இருபத்தாறு என்றாலும் மஞ்சள்தானே, அதை வைத்து நான் என்ன செய்ய, கடைசியாகச் சொல்கிறேன் இருபத்தைந்து என்கிறேன். இருபத்தைந்தரை, அதற்குக் கீழே வராது என்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், பனியனைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி என் விரல்கள் மேஜை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. வைஸ் பிரின்சிபால் பேனாவை மூடினார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன வாங்கிட்டிருக்கீங்க?"

எழுந்து போகிற வித்தை

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். எழுந்தேன். இந்த நம்பரை நானும் நம்பவில்லை, மெஷினைச் செய்த கம்பெனியும் நம்பவில்லை, ரிப்போர்ட் கார்டிலிருந்து அந்தக் கொழுப்புக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், எடுக்கவில்லையென்றால் என் மெஷினை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். வைஸ் பிரின்சிபால் மரியாதையாகவே பதில் சொன்னார். போன வருஷம் ஒரு டெர்மில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதற்குப் பெற்றோர்கள் வரிசையாக வந்து சண்டை போட்டார்களாம். கட்டம் இருந்தால் அதில் ஒரு நம்பர் இருந்தாக வேண்டுமாம்.

சரி என்று, பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மெஷினை நானே கழற்றித் தோளில் வைத்துக்கொண்டேன். இதில் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சரோஜினி நகரில் எழுந்து நடக்கிறவன்தான் ஜெயிப்பான். நாலு அடி வைப்பதற்குள் கடைக்காரன், "அரே பாய்சாப், சுனோ" என்று கூப்பிட்டே தீருவான். மெதுவாகத்தான் நடந்தேன். வராண்டாவைத் தாண்டினேன், யாரும் கூப்பிடவில்லை. நீச்சல் குளத்தைத் தாண்டும்போது இன்னும் மெதுவாக நடந்தேன். உள்ளே டீம் பிள்ளைகள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெனி கம்பி வலைக்கு வெளியே, ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். எனக்கு இரண்டு கையும் மெஷினில். தலையை ஆட்டினேன். கேட்டுக்குப் போகும்வரை காதைப் பின்னாலேயே வைத்திருந்தேன். கடைசியில் ஒரு குரல் என்னை நிறுத்தத்தான் செய்தது, ஆனால் அது வாட்ச்மேன்.

"பாண்டே ஜி, மெஷின் வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணும்."

பச்சை

நான் போனால் பள்ளிக்கூடம் நின்றுவிடுமா? வேறொரு கம்பெனி மெஷின் வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி ஏற்றினார்கள். ஜெனிக்கு வந்தது இருபத்து நாலு புள்ளி ஏழு. பச்சை. அன்றைக்குச் சாயந்திரமே டீமில் பெயர் போட்டுவிட்டார்கள். கட்டில் மெஷின் இருபத்தெட்டு சொன்ன பிள்ளைக்கு இது எப்படி இருபத்து நாலு சொல்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன். அந்த மாடலை எனக்குத் தெரியும். சாணக்யபுரி வீட்டில் கம்மியாகக் காட்டியதே, அந்தக் கம்பெனிதான்.

அதே வாரம் முன்பின் தெரியாத ஒரு அம்மா போன் செய்தார். என் மெஷினில் பச்சையாக இருந்த அவர் மகள் இந்த மெஷினில் சிவப்பாம். ஒல்லியான பொண்ணாம். ரெண்டு மெஷினில் எது சரி, பழைய மெஷின்காரர் நீங்கள்தானே சொல்லுங்கள் என்றார். ஒன்று எல்லாருக்கும் கம்மியாகக் காட்டினால்கூடப் புரிகிறது. இது ஒருத்தியை இறக்கி இன்னொருத்தியை ஏற்றுகிறது. எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. நம்பரை விடுங்கள், பொண்ணு சாப்பிடுகிறாளா பாருங்கள் என்றேன். அவர் நம்பவில்லை, கான்ட்ராக்ட் போன ஆத்திரத்தில் பேசுகிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். அந்த நினைப்பிலும் பாதி நியாயம் உண்டு.

இதை விடக் கூடாது, அந்த மெஷினும் புளுகு என்று பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கத்திவிட்டு வருகிறேன் என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவின் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சொன்னேன். ஜெனி உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். முடி இன்னும் ஈரமாக இருந்தது, குளோரின் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. ஸ்டெல்லா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே வந்து, என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணும் சொல்லப் போவாதீங்க. பொய்யாவே இருந்துட்டுப் போட்டும். எம் பிள்ளை இன்னைக்கு ரெண்டாவது தடவை சோறு கேட்டா."

ஆக, என் கட்சிக்காரர்களே, ஒரு பிள்ளையின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது விற்கிற எனக்குத் தெரியாது, செய்கிற கம்பெனிக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கு ஏதோ கொஞ்சம் தெரியும், ஆனால் ரிப்போர்ட் கார்டுக்கு மட்டும் புள்ளிக்கு அப்புறம்கூடத் தெரிகிறது.